பேசக்கூடாது என்றொரு ஷரத்து

போன மாதம் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் திவ்யா, மதுரைக்காரி. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் சேர்ந்தவள். புது வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒப்பந்தம் தயாரிக்கும் பொறுப்பு அவளிடம் வந்திருக்கிறது.

“மேம், இப்ப எல்லாம் சாஃப்ட்வேரே எழுதிக் குடுத்துருது. கேக்குற கேள்விக்குப் பதில் போட்டா முழு அக்ரிமென்ட்டும் வந்துருது. பழைய ஃபைல்ல பாத்தேன், நீங்க ஒரு வக்கீலப் புடிச்சு மாசக்கணக்கா உக்காந்துருக்கீங்க. அவ்ளோ நாள் என்ன மேம் செஞ்சீங்க?”

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்த பிறகு, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லையே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து பாதுகாப்புத் துறை வேலைக்காக இங்கே, ஹைதராபாத்துக்கு வந்தவர். அல்வாலில் வீடு கட்டினார். நான் வளர்ந்தது, படித்தது எல்லாம் செகந்திராபாத்தில்தான். வீட்டுக்குள் எங்கள் ஊர்த் தமிழ். வாசலைத் தாண்டினால் தெலுங்கும் உருதுவும். பி.எஸ்சி. முடித்து ஒரு ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் உட்கார்ந்தேன். பிறகு அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். அதிலிருந்து மெடிக்கல் பில்லிங் வேலைக்கு வந்தேன். கல்யாணம் அமையவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனார்கள். தம்பி ஊரின் மறுகோடியில், ராமச்சந்திராபுரத்தில் இருக்கிறான். அவன் பிள்ளைகளுக்கு நான் பேசுவது புரியும், ஆனால் பதில் இங்கிலீஷில்தான் வரும். ஆக, ஒரு கட்டத்துக்குப் பிறகு நாள் முழுக்க யாரிடமும் தமிழ் பேசாமலே தூங்கப் போகிற வாழ்க்கையாகிவிட்டது. அதைப் பெரிய குறையாக நினைத்தேன் என்று சொல்ல முடியாது. பழகிப்போயிருந்தது.

பில்லிங் வேலையில் எனக்கு மேலதிகாரியாக இருந்த ராவ் சார், சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தபோது என்னைக் கூப்பிட்டார். நாச்சாரத்தில், அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். எங்கள் வேலை இதுதான்: அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார். என்ன வியாதி, என்ன வைத்தியம் என்பதைக் குறியீடுகளாக மாற்றி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு க்ளெய்மாக அனுப்ப வேண்டும். அவர்கள் மறுத்தால், ஏன் மறுத்தார்கள் என்று பார்த்துச் சரிசெய்து திரும்ப அனுப்ப வேண்டும்.

முதலில் வேறொரு பெரிய கம்பெனிக்குக் கீழே துணை ஒப்பந்தத்தில் செய்துகொண்டிருந்தோம். டாக்டர்களோடு நாங்களே நேரடியாக ஒப்பந்தம் போடலாம் என்று ராவ் சார் முடிவு செய்தபோதுதான் வக்கீல் தேவைப்பட்டார்.

“நெட்ல ஒரு மாடல் இருக்கு, கோமதிகாரு. பேரை மட்டும் மாத்திக்கலாம்” என்றார் அவர். என் பெயரோடு ‘காரு’ சேர்த்து, தெலுங்கு மரியாதையில்தான் கூப்பிடுவார்.

நான் அதைப் படித்தேன். முடி திருத்தும் கடைகளுக்கு மென்பொருள் விற்கிற யாரோ எழுதியது. இரண்டு பக்கம் தள்ளி ‘கத்தரிக்கோல் முதலிய உபகரணங்கள்’ என்று வந்தது. ராவ் சாரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, “சரி, ஒரு வக்கீலைப் பாருங்க” என்றார்.

ஹிமாயத்நகரில் முதலில் ஒருவரைப் பார்த்தேன். நல்ல மனிதர். வீட்டு வாடகைப் பத்திரங்களில் கைதேர்ந்தவர். நோயாளியின் விவரங்கள் வெளியே போனால் யார் பொறுப்பு என்று கேட்டதற்கு, “பீரோவுக்குப் பூட்டு போடுங்கம்மா” என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்துப் பார்த்தவர்தான் தாஹிரா மேடம். மாரேட்பள்ளியில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் அவர் அலுவலகம். அறுபதை நெருங்கும் வயது, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கனமான குரல். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதியே நரை கண்டவர். அவர் பேசியது ஹைதராபாத் உருது. நான் தமிழில் எழுதுகிறேன். ஒன்றிரண்டு சொல்லை மட்டும் அவருடையதாகவே விட்டுவைக்கிறேன்.

உட்கார்ந்ததும் நான் ராவ் சார் கொடுத்த காகிதங்களை நீட்டினேன்.

“நக்கோ, வேண்டாம். அது அப்புறம். ஒரு க்ளெய்ம் டாக்டர் கையிலிருந்து கிளம்பி எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க. நடுவுல எதையும் தாண்டாதீங்க.”

சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் கை உயர்த்தி நிறுத்தினார். இந்த இடத்தில் தப்பு நடந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? கண்டுபிடித்தவர் யாரிடம் சொல்வார்? சொன்னால் கேட்பார்களா? கேட்காவிட்டால்? எனக்குப் பதில் தெரியாத இடங்களில் அவர் கோபப்படவில்லை. பென்சிலால் ஒரு சுழி போட்டார். “போய்க் கேட்டுட்டு வாங்க” என்பார். கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் போவேன். திவ்யா கேட்ட அந்த மாதங்கள் இப்படித்தான் போயின.

அமெரிக்கச் சட்டத்தைத் தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அங்கே ஒரு வக்கீலை அவரே ஏற்பாடு செய்தார். நம் ஊர்ச் சட்டத்துக்குத் தான், அந்த ஊர்ச் சட்டத்துக்கு அவர். எழுதியது ஒவ்வொன்றையும் இருவரும் பார்த்த பிறகுதான் எங்களிடம் வரும். இரண்டு வக்கீலா என்று ராவ் சார் முகம் சுளித்தார். “இரண்டு நாட்டுல தொழில் பண்றீங்க இல்ல?” என்று கேட்டு அவரை உட்காரவைத்தார் தாஹிரா மேடம்.

ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்துகளுக்காக அவர் பிடிவாதமாக நின்றார். ஒன்று, மறுக்கும் உரிமை. ஒரு க்ளெய்ம் பொய்யானது என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தால், அதை அனுப்ப மறுக்கலாம்; அந்த டாக்டருடைய வேலையையே நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்துவதற்கான நோட்டீஸில் கையெழுத்துப் போட முதலாளி அல்லாத ஒருவர் வேண்டும் என்றார்.

“ஏன்? நான் போடக்கூடாதா?” என்றார் ராவ் சார்.

“உங்களுக்கு வாடிக்கையாளர் வேணும். போடமாட்டீங்க.”

ராவ் சார் என்னைப் பார்த்தார். “கோமதிகாரு பேர் போடுங்க.” அப்படித்தான் என் பெயர் உள்ளே வந்தது.

இரண்டாவது, அப்படி நோட்டீஸ் கொடுத்த பிறகு இரண்டு பக்கத்து ஊழியர்களும் ஒருவரோடொருவர் நேரில் பேசக்கூடாது. எல்லாம் எழுத்தில், வக்கீல்கள் மூலமாக மட்டும். நான் கேட்டேன், போனில் ஒரு விளக்கம் கேட்டால் என்ன தப்பு என்று.

“கோபத்துல பேசினாலும் மாட்டிப்பாங்க, இரக்கத்துல பேசினாலும் மாட்டிப்பாங்க, கோமதிஜி. இரக்கத்துலதான் ஜாஸ்தி.”

தலையாட்டினேன். அன்றைக்கு எங்களுக்கு ஒரு டாக்டர்கூடக் கிடையாது. யாரோடு பேசாமல் இருக்கப் போகிறேன் என்று நினைத்துப் பார்க்க அங்கே யாருமில்லை.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முதல் சில டாக்டர்களில் ஒருவர், அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊரில் இருந்தவர். முதியோர் இல்லங்களுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது அவர் தொழில். போகப் போக எங்களுக்கு அவர்தான் பெரிய வாடிக்கையாளர். அவருடைய அலுவலக மேலாளர் தினமும் எங்களை அழைப்பாள். முதல் வாரம் முழுக்க இங்கிலீஷில்தான் பேசினோம். ஒரு நாள் நடுவில் நிறுத்தி, ரிசீவரைக் கையால் மூடாமலே, “சே, இந்த பிரிண்டர் வேற, சீவன வாங்குது” என்றாள்.

“தமிழா நீங்க?” என்றேன்.

அந்தப் பக்கம் இருந்து “ஆமா... நீங்க எந்தூரு?” என்று வந்தது.

அவள் பெயர் வசந்தா. தென்காசிப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை. மாதத்தில் ஒரு முறை வந்து போவார். அந்த ஊரில் அவளுக்கும் தமிழ் பேச ஆள் கிடையாது. எனக்குச் சாயங்காலம், அவளுக்குக் காலை. வேலைப் பேச்சு முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம். “அக்கா, சாப்பிட்டியளா?” என்றுதான் ஆரம்பிப்பாள், அது இங்கே டீ குடிக்கிற நேரம் என்று தெரிந்தும். பனி பெய்து கார் கதவு திறக்காமல் போனது, அவள் வைத்த புளிக்குழம்பின் வாசனை பிடிக்காமல் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை மூடியது, எங்கள் மாடியில் மேஜை நடுங்குவது எல்லாம் பேசுவோம். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. நோயாளிகளின் விவரங்கள் இருக்கிற இடமென்பதால் எங்கள் அலுவலகத்துக்குள் செல்போன் கொண்டுபோகக்கூடாது. சொந்த நம்பரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. தினமும் பேசுகிறவர்களுக்கு அது எதற்கு?

சனி, ஞாயிறு வந்தால் நான் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அந்த வயதில் அது எனக்கே வெட்கமாக இருந்தது.

பிரச்சினை ஒரு மறுப்பில் ஆரம்பித்தது. முதியோர் இல்லத்தில் ஒரு நோயாளியை டாக்டர் பார்த்ததாக நாங்கள் அனுப்பிய க்ளெய்மை இன்ஷூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பியது. அந்தத் தேதியில் அந்த நோயாளி ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்தார் என்றது. இது எப்போதாவது நடப்பதுதான். தேதி மாறியிருக்கும். வசந்தாவிடம் கேட்டேன். “பாத்துச் சொல்லுதேன்க்கா” என்றாள். திருத்தம் வந்தது. பிறகு இன்னொன்று வந்தது, வேறு நோயாளி. அதற்கும் திருத்தம். பிறகு ஒரு மறுப்பில், டாக்டர் பார்த்ததாகச் சொன்ன தேதிக்கு முன்பே நோயாளி இறந்துவிட்டார் என்றிருந்தது.

அந்த நோயாளியைப் பார்த்ததற்கான குறிப்பை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். வந்தது. ‘நோயாளி இன்று தெம்பாக இருக்கிறார். பசி நன்றாக இருக்கிறது. வலி இல்லை.’ அதே வாரத்தின் மற்றக் குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் தெம்பாக இருந்தார்கள். எல்லோருக்கும் பசி நன்றாக இருந்தது. ஒரு சொல் மாறவில்லை.

ராவ் சாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“நாம போஸ்ட்மேன் மாதிரி, கோமதிகாரு. கவர்ல என்ன இருக்குன்னு போஸ்ட்மேன் பார்ப்பாரா?”

“செத்துப்போனவங்க பேருக்கு வர்ற கவரைத் திருப்பித்தானே சார் அனுப்புவாரு?”

அந்த டாக்டருடைய வேலைக்கென்று தனியாக ஒரு குழு இருந்தது. அந்தப் பிள்ளைகளை என்ன செய்வது என்று மட்டும் அவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில், “உங்க பேர்தானே போட்டிருக்கு. உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மாரேட்பள்ளிக்குப் போனேன். தாஹிரா மேடம் எல்லாவற்றையும் படித்தார். அமெரிக்க வக்கீலிடம் பேசினார். நோட்டீஸ் தயாரானது. இரண்டே பத்தி. குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. இன்னின்ன க்ளெய்ம்களுக்கு விளக்கம் கிடைக்கும்வரை வேலையை நிறுத்திவைக்கிறோம், அவ்வளவுதான். பேனாவை எடுத்துவிட்டு நான் கேட்டேன்.

“மேடம், அந்த ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா. அவகிட்ட மட்டும் இதை நானே ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா? நோட்டீஸ் போறதுக்கு முன்னாடி?”

“உங்களுக்குத் தெரிஞ்சவளா?”

“தெரிஞ்சவதான்.”

“அந்தக் குறிப்புகளை எழுதினது யார்?”

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது. ஆனால் அந்த அலுவலகத்தில் டாக்டரையும் அவளையும் தவிரத் தட்டச்சு செய்ய வேறு யாருமில்லை என்பது தெரியும். அவள் அங்கே தங்குவதற்கான அனுமதி அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது என்பதும் தெரியும். மேடம் என் முகத்தைப் பார்த்தார்.

“அப்போ நக்கோ. நீங்க முன்னாடியே சொன்னா, அவ எதையாவது அழிப்பா. இல்ல, டாக்டர் அழிச்சுட்டு அவ தலையில போடுவார். நீங்க பேசாம இருக்கிறதுதான் அவளுக்கும் நல்லது. கையெழுத்து போடுங்க.”

போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வழக்கமான நேரத்தில் என் மேஜைத் தொலைபேசி அடித்தது. திரையில் அவர்கள் நம்பர். குழுவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நோட்டீஸ் போன விஷயம் அதற்குள் பரவியிருந்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்துவிட்டேன்.

“அக்கா, நாந்தான். நோட்டீஸ் வந்துருக்கு, ஒங்க கையெழுத்து போட்டுருக்கு. டாக்டர் கத்துதாரு. அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அந்த நோட்ஸ் எல்லாம் நான்...”

“வசந்தா, பேசாத.”

“இல்லக்கா, நீங்க கேளுங்க...”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. நீ சொன்னா நான் எழுதிக் குடுத்தாகணும். டாக்டர் எதுலயாச்சும் கையெழுத்து கேட்டா போடாத. ஒனக்குன்னு தனியா ஒரு வக்கீலப் பாரு. இன்னைக்கே பாரு.”

“எனக்கு இங்கன யாருக்கா இருக்கா?”

நான் போனை வைத்துவிட்டேன். கை ரிசீவரிலேயே இருந்தது. சுற்றி இருந்தவர்களில் ஒருவருக்கும் நான் பேசியது புரிந்திருக்காது. யாரையோ திட்டிவிட்டு வைத்ததாகத்தான் நினைத்திருப்பார்கள். தொலைபேசி அதன் பிறகு அடிக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே தாஹிரா மேடத்திடம் போய்ச் சொன்னேன். “கைக்கு? ஏன் எடுத்தீங்க?” என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு காகிதத்தை எடுத்தார். நான் பேசியதை முதலில் தமிழிலேயே, அவளிடம் சொன்னது போலவே சொல்லச் சொன்னார். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் முழுவதையும் கேட்டார். பிறகு அர்த்தம் கேட்டு, வரிக்கு வரி எழுதினார். அவள் சொல்ல ஆரம்பித்ததையும் நான் மறைக்கவில்லை. ‘நோட்ஸ் எல்லாம் நான்’ என்பதோடு நிறுத்தினேன்.

“நான்... அப்புறம்?”

“அப்புறம் சொல்ல நான் விடலை.”

அதையும் எழுதிக்கொண்டார். “பாதி வாக்கியத்துக்கு அர்த்தம் கிடையாது” என்றார். “நான்தான் எழுதினேன்னும் சொல்லியிருக்கலாம், நான் எழுதமாட்டேன்னு சொன்னேன்னும் சொல்லியிருக்கலாம்.” பிறகு எழுதியதை அப்படியே கோப்பில் வைத்து, அமெரிக்க வக்கீலுக்கும் அனுப்பினார். நான் கிளம்பும்போது, “வக்கீலைப் பார்க்கச் சொன்னீங்களே, அது சரி” என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காதது போல மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அதற்குப் பிறகான மாதங்களை நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. டாக்டர் பக்கத்திலிருந்து விளக்கம் வரவில்லை. ஒப்பந்தப்படி உறவு முறிந்தது. நோயாளிகளின் விவரங்களைத் திருப்பிக் கொடுத்து, எங்களிடம் பிரதி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். அந்தக் குழுவில் சிலரை வேறு வேலைக்கு மாற்ற முடிந்தது. மற்றவர்கள் போனார்கள். யாரும் என்னிடம் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். அதனால் என் மேஜையிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். ராவ் சார் மரியாதையாக நடந்துகொண்டார். முன்பு என்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டார். இப்போது, செய்த பிறகு சொன்னார்.

சாயங்காலங்களில் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஏதாவது வேடிக்கையாக நடந்தால் ‘வசந்தாகிட்ட சொல்லணும்’ என்று மனம் ஓடும், பிறகு நிற்கும். நல்லபடியாக ஒரு வக்கீலைப் பார்த்தாளா, டாக்டர் எதிலாவது கையெழுத்து வாங்கிவிட்டாரா, ஒன்றும் தெரியாது. கேட்கவும் முடியாது. அந்தத் தடையில் கையெழுத்து என்னுடையதுதான்.

ஒரு வருடத்துக்கு மேல் கழிந்து தாஹிரா மேடம் கூப்பிட்டார். அமெரிக்க வக்கீலிடமிருந்து செய்தி வந்திருந்தது. டாக்டர் மேல் விசாரணை நடந்து முடிந்துவிட்டது. முதியோர் இல்லங்களுக்குப் போவதை அவர் விட்டுவிட்டார். அலுவலக மேலாளர் ஆரம்பத்திலேயே தனியாக ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு, நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் வழக்கு இல்லை.

“இனிமே அந்த ஷரத்து இல்ல, கோமதிஜி. பேசலாம்.”

அவர் அறையிலிருந்து வெளியே வந்து, மாரேட்பள்ளி நடைபாதையில் நின்றுகொண்டே அந்த நம்பரை அழைத்தேன். மனப்பாடமாக இருந்தது. ஒரு அமெரிக்கப் பெண் எடுத்தாள். வசந்தா அங்கே வேலையில் இல்லை என்றாள். எங்கே போனாள் என்று சொல்ல அனுமதியில்லை என்றாள், வருத்தமாகத்தான் சொன்னாள்.

திரும்ப உள்ளே போய், அவளுடைய வக்கீல் மூலமாக என் நம்பரை மட்டும் அவளுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். மேடம் யோசித்துவிட்டு, “ஹவ், சரி, கேட்டுப் பார்ப்போம்” என்று எழுதினார். சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. நானே வந்து பார்க்கட்டும் என்று அவர் போனில் சொல்லவில்லை. போனபோது காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். தங்கள் செய்தி எங்கள் கட்சிக்காரரிடம் தெரிவிக்கப்பட்டது. அவர் தங்களுக்கு நன்றி சொல்கிறார். பழைய அலுவலகத்தோடு சம்பந்தப்பட்ட யாரும் இனித் தன்னைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்.

இரண்டு தடவை படித்தேன். நன்றி என்பது அவள் சொன்னதா, வக்கீல்கள் வழக்கமாகச் சேர்ப்பதா என்று மேடத்திடம் கேட்டேன்.

“தெரியல” என்றார். பொய் சொல்லத் தெரியாத பெண்மணி. டீ வரவழைத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அல்வாலில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குத் திரும்பும் முனையில் காய்கறி வண்டியிடம் நின்றேன். வழக்கமாக வாங்குகிற இடம்தான். “என்னப்பா, கத்தரிக்கா நல்லாவே இல்லயே, வேற இருக்கா?” என்று கேட்டேன். வண்டிக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமாகத் தெலுங்கில் பேசுகிற அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குமே, அவர் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

“ஏமம்மா?” என்றார்.

இல்லை, ஒன்றுமில்லை என்று தெலுங்கில் சொல்லி, இருந்த கத்தரிக்காயையே வாங்கிக்கொண்டு வந்தேன்.